ரஞ்சிதம் அக்காவின் ரெக்கார்டு நோட்டு

சலங்கையை ஒரே உதறாக உதறினாற்போல 'சிலீர்' என்று ஒரு சத்தம். பியூரெட் என்கிற நீளக் கண்ணாடிக் குழாய் சிமெண்டுத் தரையில் உடைந்த அந்தச் சத்தம், தலை நரைத்த பிறகும் செண்பகவடிவின் காதைவிட்டுப் போகவில்லை. கை தவறி விழுந்தது என்று நினைத்துவிடாதீர்கள். மூன்று பேர் கூடி, யோசித்து உடைத்தது.

தாமிரபரணிக் கரையில் ஒரு பெண்கள் கல்லூரி. அதில் பி.எஸ்சி. வேதியியல் முதல் வருஷத்தில் மூன்று தோழிகள்: செண்பகவடிவு, தவமணி, ரோசம்மாள். செண்பகவடிவை அனுப்பும்போதே அவள் அப்பா சொல்லிவிட்டார்: "பாசானா படி. ஒரு பரீட்சை போச்சுன்னாலும் கோவில்பட்டி தீப்பெட்டி ஆபீசுக்கு வந்து குச்சி அடுக்கு." ஆகவே அவளுக்குப் பயம் நிறைய இருந்தது. அறிவுதான் அதற்குத் துணைக்கு வரவில்லை.

சேர்ந்த வாரமே மூன்றாம் வருஷத்து ரஞ்சிதம் தன் பழைய ரெக்கார்டு நோட்டைக் கொடுத்தாள். செய்முறை வகுப்பில் செய்ததையெல்லாம் எழுதி ஜெபக்கனி மிஸ்ஸிடம் கையெழுத்து வாங்க வேண்டிய நோட்டு அது. கையெழுத்து இல்லாவிட்டால் பரீட்சைக்கு உட்கார முடியாது.

"இதில இருக்கிறபடியே செய்யுங்க, இருக்கிறபடியே எழுதுங்க. சொந்த மூளையை வெளியில எடுத்துராதீங்க," என்றாள் ரஞ்சிதம். கடைசி அறிவுரையைக் கடைப்பிடிப்பதில் மூவருக்கும் சிரமமே இருக்கவில்லை.

லேபில் நோட்டைப் பார்த்துச் செய்துகொண்டே போனார்கள்; மூன்றாவது முறை அளவெடுக்கும்போதுதான் சிக்கல் வந்தது. ரஞ்சிதம் ஓரத்தில் எழுதியிருந்தாள்: 'இங்கே பியூரெட் உடைந்தது. வேறு வாங்கி முடித்தேன்.'

"நம்மளது உடையலையேட்டி," என்றாள் ரோசம்மாள்.

"எங்கயோ தப்புப் பண்ணியிருக்கோம்," என்றாள் தவமணி.

"தூக்கிப் போட்டுருவமா?"

"அக்கா தூக்கிப் போட்டதா எழுதலையே. அதுவாத்தான் உடையணும்."

கால் மணி நேரம் சுற்றி நின்று காத்திருந்தார்கள். பியூரெட் மசியவில்லை. கடைசியில் செண்பகவடிவுக்கு ஒரு வழி தோன்றியது. "ஸ்டாண்டுலருந்து கழத்திப் பிடிச்சுக்கிட்டு, கையை மட்டும் விட்டுருவோம். மிச்சத்தை அது பாத்துக்கிடும்."

அது பார்த்துக்கொண்டது.

நோட்டு எழுதும்போது இன்னொரு வழக்கு. பக்கத்துக்குப் பக்கம் ஜெபக்கனி மிஸ் ரஞ்சிதத்தைச் சிவப்பு மையில் திட்டியிருந்தார்.

"இதையும் எழுதணுமா?"

"இருக்கிறபடியேன்னுதான சொன்னாங்க. சிவப்பு மை வாங்கிட்டு வா."

மிஸ்ஸின் கையெழுத்தையும் சுழி மாறாமல் போட்டார்கள். ரோசம்மாள் போட்டது அசலைவிட லட்சணமாக இருந்தது.

ஜெபக்கனி மிஸ் நோட்டுகளைத் திறந்தார். தன் திட்டு, தன் கையெழுத்து, மூன்று தடவை.

"எதைப் பாத்து எழுதினே?"

"அதையும் எழுதியிருக்கேன் மிஸ்," என்றாள் செண்பகவடிவு பணிவாக. "நாலாம் பக்கத்துல நீங்களே கேட்டிருக்கீங்க."

மிஸ் மூன்று நோட்டையும் கிழித்தார். பரீட்சைக்கு ஐந்து நாள்தான் இருந்தது. "லேபுல உக்காந்து, கண்ணால பாத்ததை மட்டும் எழுதிட்டு வாங்க. இல்லன்னா பரீட்சை கிடையாது."

கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதினார்கள். ஜன்னலில் காக்கா உட்கார்ந்தது. அட்டெண்டர் அன்னத்தாய் பீக்கரில் டீ குடித்தது. மிஸ் நாற்காலியில் தூங்கியது, இரண்டு முறை. மிஸ் படித்தார், மளமளவென்று மூன்றிலும் கையெழுத்துப் போட்டுத் தன் அலமாரியிலேயே வைத்துப் பூட்டிவிட்டார்.

பரீட்சையில் ஒரு வெள்ளைப் பொடியைக் கொடுத்து, இது என்ன உப்பு என்று கேட்டார்கள். செண்பகவடிவு மிஸ் சொன்னபடி, 'வெள்ளையாக இருக்கிறது' என்று எழுதினாள். அதற்கு மேல் கண்ணுக்கு ஒன்றும் தென்படவில்லை. தீப்பெட்டி ஆபீசின் மருந்து வாடை அப்போதே மூக்கில் ஏறியது. இரு பக்கமும் இருந்த தோழிகளும் கண்ணால் பார்த்ததையே எழுதினார்கள். அவர்கள் பார்த்தது செண்பகவடிவின் தாளை. ஓர் எழுத்து விடாமல், மேலே இருந்த பதிவெண் உட்பட, இறக்கினார்கள்.

திருத்தியவர் தாளுக்குப் பதினாலு மார்க் போட்டார். ஒரே எண்ணில் மூன்று தாள் வந்ததும் பல்கலைக்கழக அலுவலகத்து மேதை ஒருவர், இந்தப் பெண் கூடுதல் தாள் வாங்கி நிறைய எழுதியிருக்கிறாள் என்று மெச்சி, மூன்றையும் கூட்டினார். நாற்பத்திரண்டு. பாசாவதற்கு நாற்பது போதும். மற்ற இருவரும் பரீட்சைக்கே வரவில்லை என்று பலகையில் ஒட்டினார்கள்.

"நாம போகலையாட்டி?" என்று கேட்டாள் தவமணி.

ரோசம்மாள் பலகையை இன்னொரு முறை படித்தாள். "அச்சடிச்சே போட்டிருக்காங்க. போயிருக்க மாட்டோம்."

செண்பகவடிவு அரசுப் பள்ளியில் முப்பத்தொரு வருஷம் வேதியியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றாள்.