நாற்காலியின் கனம்

டாக்டர் மாசிலாமணி மறுபடியும் மாணவரானபோது அவருக்கு ஐம்பத்து நான்கு வயது. அவருக்கு ஆசிரியராக வாய்த்த டாக்டர் நூர்ஜஹான் அவரைவிட எட்டு வயது இளையவர்.

கோபி நகரத்துக்கு வடக்கே மலையடிவாரத்தில் இருந்தது அவர்கள் வேலை செய்த மருத்துவமனை. மாசிலாமணி வயிற்றைத் திறந்து தைப்பவர். நூர்ஜஹான் கத்தியைத் தொடுவதில்லை. தைக்கப்பட்டவர்கள் வீட்டுக்குப் போன பிறகு எப்படித் தேறுகிறார்கள் என்று ஆராய்வது அவருடைய வேலை.

"பேரன் எடுக்கிற வயசுல பரீட்சையா?" என்று உடன் வேலை செய்தவர்கள் கேலி செய்தார்கள். மாசிலாமணி சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவார். அவரை அரித்துக்கொண்டிருந்ததை அவர்களிடம் சொல்வதற்கில்லை. எத்தனையோ வயிறுகளுக்குள் கைவிட்டுத் துழாவியிருக்கிறார். தையல் பிரித்த பிறகு அந்த மனிதர்கள் என்ன ஆனார்கள் என்று அவருக்குத் தெரியாது.

ஆராய்ச்சிக்கு அவர் எடுத்துக்கொண்டது ஒரே ஒரு கேள்வி. குடல் அறுவை முடிந்தவர்களை, இப்போது வைத்திருக்கும் நாட்களில் பாதியிலேயே வீட்டுக்கு அனுப்பினால் என்ன? சீக்கிரம் நடக்கவிடுவது, சீக்கிரம் சாப்பிடவிடுவது, சீக்கிரம் அனுப்புவது. அவர்கள் நன்றாகத் தேறுகிறார்கள் என்று அவர் முடிவு எழுதினால் மருத்துவமனை அதையே வழக்கமாக்கிவிடும். முடிவு தப்பாக இருந்தால், ஆஸ்பத்திரிக் கட்டிலில் படும் வலியை வீட்டுக் கட்டிலில் படுவார்கள். அங்கே கூப்பிட்டால் வர நர்ஸ் இருக்கமாட்டார்.

அப்படிப் பாதி நாளில் அனுப்பியவர்களை விசாரித்துவிட்டு, ஒரு மத்தியானம் நூர்ஜஹானின் அறைக்கு வந்தார்.

"மேடம், எல்லாரும் தேறிட்டாங்க."

"நல்லதுதானே?"

"ஒருத்தர்கூட வலிக்குதுன்னு சொல்லல. அதுதான் உறுத்துது."

"யார் கேட்டது?"

"நான்தான்."

"எங்க வச்சு?"

"என் ரூம்ல. தையலைக் காட்ட வரும்போது."

நூர்ஜஹான் தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தார். "நின்னுக்கிட்டு பதில் சொன்னாங்களா, உக்காந்துக்கிட்டா?"

மாசிலாமணி யோசித்தார். "நின்னுக்கிட்டுதான். உக்காரச் சொன்னாலும் உக்கார மாட்டேங்கறாங்க."

"அப்ப வீட்டுக்குப் போய்ப் பாருங்க சார்."

முதலில் அவர் போனது நாச்சிமுத்துவின் வீட்டுக்கு. இரண்டு மாடும் கொஞ்சம் சோளக்காடும் வைத்திருந்த குடியானவர். குடல் முறுக்கிக்கொண்டு சாகக் கிடந்து பிழைத்தவர். ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும்போது கைகூப்பி, "போயிட்டு வர்றனுங்க" என்று சொல்லி நர்ஸ் ஜெசிந்தாவிடம் திட்டு வாங்கியவர்.

"ஆஸ்பத்திரியில அந்த வார்த்தையச் சொல்லுவாங்களா? வாயை மூடிக்கிட்டுப் போங்க."

"சொல்லாமப் போனா மருவாதியா இருக்குங்களா, சிஸ்டர்?"

வார்டே சிரித்தது.

கார் வாசலில் நின்றதும் நாச்சிமுத்து வெளியே வந்தார். சலவை வேட்டி, சலவைச் சட்டை. வந்தவர் டாக்டரைப் பார்த்ததும் வந்த வேகத்திலேயே உள்ளே திரும்பினார். மகளுக்குச் சீர் கொடுப்பதற்காகச் செய்துவைத்த தேக்கு நாற்காலி ஒன்று உள்ளறையில் இருந்தது. அதை இரண்டு கைகளாலும் தூக்கிக்கொண்டு வந்தார்.

மனைவி தெய்வாத்தாள் பின்னாலேயே ஓடிவந்தார். "ஏனுங்க, நான் கொண்டாறேன், உடுங்க."

"நீ சும்மா இரு. டாக்டருங்க நிக்கறாங்க பாரு."

நாற்காலியைப் போட்டு, தோளில் கிடந்த துண்டால் தட்டிவிட்டு, "உக்காருங்க" என்றார். நாச்சிமுத்து உட்காரவில்லை. கட்டில் பக்கத்திலேயே இருந்தது. கயிற்றுக் கட்டில். அதன் கால்மாட்டில் ஒரு பழைய வேட்டி முறுக்கி முடிச்சுப் போட்டுக் கிடந்தது. துணி உலர்த்தக் கட்டியது போலிருக்கிறது என்று மாசிலாமணி நினைத்துக்கொண்டார்.

"எப்படி இருக்கீங்க?"

"உங்க புண்ணியத்துல கல்லாட்டம் இருக்கறனுங்க."

"வலி?"

"அதெல்லாம் ஆஸ்பத்திரியிலயே உட்டுட்டு வந்துட்டனுங்க."

மாசிலாமணிக்கு மனம் நிறைந்தது. அவ்வளவு பெரிய நாற்காலியைத் தூக்குகிறவரிடம் வேறென்ன கேட்பது? "இனிமே வேலை வெட்டியெல்லாம் பார்க்கலாம்" என்றார்.

தெய்வாத்தாள் என்னவோ சொல்ல வாயெடுத்தார். நாச்சிமுத்து திரும்பிப் பார்த்தார். அந்த அம்மாள் மோர் கொண்டுவர உள்ளே போய்விட்டார்.

அந்த வாரமே நாச்சிமுத்து ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வந்தார். டாக்டரே சொல்லிவிட்டாரே என்று சோளத்தட்டுக் கட்டு ஒன்றைத் தலைக்குத் தூக்கியிருக்கிறார். தழும்பின் கீழ்முனை வாய் திறந்திருந்தது. உள்தையலும் விட்டிருந்தது. மாசிலாமணியே மறுபடியும் தைத்தார்.

மயக்கம் தெளிந்த மறுநாள் கட்டிலருகே போய் நின்றார்.

"நாச்சிமுத்து, நான் வந்தன்னைக்கே வலி இருந்துச்சா?"

"இருந்துச்சுங்க."

"நாற்காலியத் தூக்கும்போது?"

"உசுரு போயிட்டு வந்துச்சுங்க."

"அப்புறம் ஏன் சொல்லல?"

நாச்சிமுத்து சங்கடத்துடன் சிரித்தார். "அவ்வளவு தூரம் எம்பட ஊடு தேடி வந்திருக்கறீங்க. உங்கள வெறுங்கையோட அனுப்பறதுங்களா?"

மாசிலாமணி அதை அப்படியே நூர்ஜஹானிடம் போய்ச் சொன்னார். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. தான் வேலை செய்யச் சொன்னதையும் சொன்னார்.

நூர்ஜஹான் திட்டுவார் என்று எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"அவர் வீட்டுக்குப் போனதும் சொல்லுங்க. நானும் வர்றேன்" என்றார் நூர்ஜஹான்.

அந்த முறை கார் ஊருக்குள் வரவில்லை. நூர்ஜஹான் கோயில் முனையிலேயே நிறுத்தச் சொல்லிவிட்டார். இருவரும் மாட்டுத்தொழுவம் வழியாக நடந்தே போனார்கள்.

நாச்சிமுத்து அழுக்கு லுங்கியோடு கட்டிலில் மல்லாந்து கிடந்தார். வந்தவர்களைக் கண்டதும் அவர் கை பரபரவென்று கால்மாட்டு வேட்டியைத் தேடியது. அது அகப்படுவதற்குள் நூர்ஜஹான் கட்டிலோரமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஐயோ, மேடம், தரையில உக்காரலாமுங்களா! ஏ புள்ள, அந்த நாக்காலிய..."

"நாச்சிமுத்து அண்ணா, எனக்கு முழங்கால் வலி. ஒருதடவை உக்காந்தா எந்திரிக்கறது பெரும்பாடு. நீங்க எந்திரிச்சா மருவாதைக்கு நானும் எந்திரிக்கணும். படுத்தே இருங்க, உங்களுக்குக் கோடிப் புண்ணியம்."

நாச்சிமுத்து தூக்கிய தலையைத் தாழ்த்தி மறுபடியும் படுத்தார்.

நூர்ஜஹான் புண்ணைப் பற்றிக் கேட்கவில்லை. "அந்தச் செவலை சினையா?" என்றார்.

"ஆமாங்க. அடுத்த மாசம் ஈனும்."

"கறவை எப்படி?"

"போன ஈத்துக்குச் சொம்பு சொம்பாக் கறந்துச்சுங்க. முட்டுற மாடு, என்னையத் தவிர ஆரையும் அண்ட உடாது. அத நெனச்சாத்தான் பயமா இருக்குது. குந்தி உக்காந்தா அடிவவுறு கிழியறாப்பல இருக்குது, எப்படிப் போயிக் கறக்கறதுங்க?"

"இருமும்போது தலகாணிய வவுத்துல வச்சு அமுத்திக்கறாருங்க" என்றார் வாசற்படியிலிருந்து தெய்வாத்தாள். "கோழி கூப்புடற வரைக்கும் தூக்கமில்ல."

"அவ கெடக்கறா."

"ஆமா, நான் கெடக்கறேன். தும்மல் வந்தா 'சாமி சாமி'ன்னு கத்தறது ஆரு, பக்கத்து ஊட்டுக்காரரா?"

நாச்சிமுத்து சிரிக்கப் போனார். வயிற்றைப் பிடித்துக்கொண்டார். பிறகு சற்றே புரண்டு படுப்பதற்காக அந்த முறுக்கிய வேட்டியை எட்டிப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார்.

அதுவரை தூணருகே நின்றிருந்த மாசிலாமணி கேட்டார். "அது... கட்டில்ல இருந்து எந்திரிக்கவா?"

"ஆமாங்க. இதைப் புடிச்சாத்தான் ஒடம்பு மேல வருது. அன்னைக்கு உங்க கார் சத்தம் கேட்டப்பக்கூட இதைப் புடிச்சு எந்திரிச்சுத்தான் சட்டையப் போட்டுட்டு ஓடியாந்தேன்."

மாசிலாமணி அந்த முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவரும் தரையில் உட்கார்ந்தார்.

இருவரும் காரில் திரும்பினார்கள். வாய்க்கால் பாலம் தாண்டியதும் மாசிலாமணிதான் தொடங்கினார்.

"மேடம், நான் போனா அவங்க எந்திரிச்சுடறாங்க. போகலைன்னா எனக்குத் தெரியாது. அப்ப ஒருத்தர் தேறிட்டார்னு எப்படித்தான் பார்க்கறது?"

"இன்னும் ரெண்டு மாசம் கழிச்சுப் போங்க."

"உங்களோடயா?"

"தனியா."

மாசிலாமணி எழுத வைத்திருந்த முடிவைக் கிழித்துப் போட்டார். ஏற்கெனவே தேறிவிட்டதாகச் சொன்னவர்களின் வீடுகளுக்கெல்லாம் போனார். காரைத் தூரத்திலேயே விட்டுவிட்டு நடந்தார். சிலர் தேறியிருந்தார்கள். சிலர் தேறவில்லை. ஒரு வீட்டில் ஒரு பெண் சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்படியிலிருந்து தள்ளாடி வருவதைப் பார்த்துவிட்டு, அன்றைக்குச் சாப்பிடாமலே படுத்தார். அந்தப் பெண் அவரிடம் "பரவாயில்லீங்க சார்" என்று சொல்லிப் போனவர்.

சொன்ன காலம் வந்ததும் நாச்சிமுத்துவுக்கு முந்தின நாளே போன் செய்தார். மறைந்து போய்ப் பார்ப்பது அவருக்கு அலுத்திருந்தது.

வாசலில் தெய்வாத்தாள் மட்டும் இருந்தார். முழங்கை வரை சாணி.

"வாங்க, வாங்க. அவரு அந்தியூர்ச் சந்தைக்குப் போயிட்டாருங்களே."

"நான் வர்றேன்னு போன் பண்ணியிருந்தேனே?"

"நானும் சொன்னனுங்க. 'டாக்டரு நம்ம மனுசன்தான, வந்தா மோர் ஊத்திக் குடு'ன்னு சொல்லிப்போட்டு, பையனோட வண்டில ஏறிப் போயிட்டாரு. எருது ஒண்ணு வெலைக்கு வந்திருக்குதாம்." கையைக் காட்டிச் சிரித்தார். "எங்கையெல்லாம் இப்பிடி இருக்குதுங்க. உள்ள நாக்காலி கெடக்குது, செத்த எடுத்துப் போட்டு உக்காருங்க."

மாசிலாமணி உள்ளறைக்குப் போனார். நாற்காலியை ஒரு கையால் இழுத்தார். அசையவில்லை. இரண்டு கைகளாலும் பிடித்துத் தூக்கினார். நிலைப்படியைத் தாண்டும்போது மூச்சு முட்டியது. வாசலில் இறக்கி வைத்துவிட்டு, உடனே உட்காராமல், அதன் முதுகில் கை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றார்.

கட்டிலின் கால்மாட்டில் முடிச்சு இல்லை. தொழுவத்தில் புதுக் கன்றுக்குட்டி ஒன்று துள்ளிக்கொண்டிருந்தது. அதன் கழுத்தில் அந்த வேட்டி.

"மாட்டை யார் கறக்கறது?"

"அவருதானுங்க. அது வேற ஆரை உடுது?"

மோர் குடித்தார். காத்திருந்தார். வெயில் தாழ்ந்தும் நாச்சிமுத்து வரவில்லை. கிளம்பியபோது தெய்வாத்தாள் படல் வரை வந்தார்.

"போயிட்டு வாங்க. வைத்தியத்துக்கு வேண்டாமுங்க, சும்மா வாங்க."

நூர்ஜஹான் தன் அறையில் இருந்தார். மாசிலாமணி எதிரே உட்கார்ந்தார்.

"பார்க்க முடியல, மேடம். சந்தைக்குப் போயிட்டார்."

"நீங்க வர்றது அவருக்குத் தெரியாதா?"

"தெரியும். தெரிஞ்சும் போயிட்டார்." தன் குரலில் இருந்த மனத்தாங்கல் மாசிலாமணிக்கே கேட்டது.

"நாற்காலி யார் போட்டது?"

"யாரும் போடல. நானேதான் தூக்கிப் போட்டுக்கிட்டேன்."

"கனமா இருந்துச்சா?"

"ரொம்ப."

"அந்த வேட்டி?"

"கன்னுக்குட்டி கழுத்துல."

மாசிலாமணி பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"ஆளைப் பார்க்கலைன்னு எழுதிடறேன், மேடம். வேற என்ன எழுத?"

"இத்தனை நாள்ல இன்னைக்குத்தான் சார் அவரைப் பார்த்திருக்கீங்க."