கிச்சுக்கிச்சு தாங்காத சாமி

அந்தக் காலத்தில் கழுதைகளும் நம்மைப் போலவே பேசின. பேசத் தெரிந்ததுதான் வினை, ஒரு ரகசியமும் அவற்றின் வாயில் தங்காது. அப்போது கிரேக்க தேசத்து ஏதென்ஸ் நகரில் ஒரு குயவர் தெரு இருந்தது. அங்கே லாம்பிஸ் என்பவன் ஜாடி வனைவான். அவன் மனைவி தியானோ அதில் படம் எழுதுவாள்.

படம் எழுத அன்று ஒரே முறைதான் இருந்தது. நைசாக வடித்த களிமண் கரைசலைத் தூரிகையில் தொட்டு, உருவம் முழுவதும் பூச வேண்டும். சூளையில் புகை மூட்டினால் பூசிய இடம் கறுத்துவிடும், பூசாத இடம் மண்ணின் சிவப்பிலேயே நிற்கும். ஆகவே எல்லாச் சாமிகளும் கன்னங்கரேலென்றுதான் இருந்தார்கள். ஒரு சாமி கோபமாக இருக்கிறாரா சந்தோஷமாக இருக்கிறாரா என்று கூடச் சொல்ல முடியாது.

போன வருஷம் தியானோ கடல் சாமியை எழுதினாள். சூளை திறந்ததும் தெருத் தலைவர் கிராட்டோன், "யாரும்மா இது, கரி விக்கிறவனா?" என்று கேட்டுவிட்டார். தெருவே சிரித்தது. அவளுக்கு மானம் போயிற்று. இந்த வருஷம் புது ஒயின் திருவிழாவுக்கு, ஊருக்குப் புதிதாக வந்த ஒயின் சாமி டயோனிசஸை எழுதும் வேலையும் அவளிடமே வந்தது. "இதுவும் அப்படி வந்துச்சுன்னா, தூரிகையை வச்சிட்டு மண்ணு மிதிக்கப் போயிடும்மா" என்று சொல்லித்தான் கிராட்டோன் கொடுத்தார்.

சூளைக்குத் தீ வைக்கும் நாள் காலையில், தியானோ ஜாடியில் சாமியின் உருவத்தைக் கரிக்கோடாக வரைந்து முடித்தாள். அந்த நேரம் பார்த்து ஒரு வழிப்போக்கர் கழுதையோடு வாசலில் வந்து நின்றார். அவர் தாடியில் ஒரு திராட்சை இலை ஒட்டிக்கொண்டிருந்தது.

"கொஞ்சம் உட்கார்ந்துட்டுப் போறேன்மா. விடிஞ்சதுலேருந்து உடம்பெல்லாம் என்னமோ ஊருது."

"உட்காருங்க" என்று சொல்லிவிட்டு, தியானோ தூரிகையைத் தோய்த்துப் படத்தின் உள்ளங்காலில் வைத்தாள்.

"ஐயோ! ஹா ஹா ஹா!" என்று வழிப்போக்கர் துள்ளிக் குதித்தார். கூரை விட்டத்தில் குபுக்கென்று திராட்சைக்கொடி முளைத்தது. ஒரு குலை நேராக லாம்பிஸின் தலையில் விழுந்தது.

தியானோ திகைத்துப்போய்ப் படத்தின் இடுப்பில் தூரிகையை வைத்துப் பார்த்தாள். அவர் தரையில் விழுந்து புரண்டார். காய வைத்திருந்த சட்டிகள் உருண்டு உடைந்தன.

"இவருதான் அவரு" என்றது கழுதை. "படத்துல தொட்டா இவருக்குக் கூசும். சின்ன வயசுல குளிப்பாட்டவே நாலு பேர் பிடிக்கணும்."

"வாயை மூடு!" என்றார் சாமி, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

லாம்பிஸ் கும்பிட்டான். "சாமி, கொஞ்சம் பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பொறுத்துக்கக் கூடாதா? இன்னிக்கே தீ வைக்கிறாங்க."

"பொறுக்கத்தான்பா பார்க்கறேன். முடியலையே!"

தியானோவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "உங்களைத் தொடாம உங்க படத்தை எப்படிச் சாமி எழுதறது?" என்று கத்தினாள். கத்திய பிறகு, தான் கேட்டதையே ஒரு கணம் யோசித்தாள். பிறகு தூரிகையை நிறையத் தோய்த்து, கோட்டுக்கு வெளியே பூச ஆரம்பித்தாள்.

"ஏய், என்ன பண்றே! சாமியை விட்டுட்டு ஜாடிக்குப் பூசறியே!" என்று லாம்பிஸ் அலறினான்.

"சும்மா இருங்க. அவர் சிரிக்கறாரா பாருங்க."

சிரிக்கவில்லை. பூச்சு சுற்றிச் சுற்றி வந்தது, சாமி சமர்த்தாக உட்கார்ந்திருந்தார். நடுவில் அவர் உருவம் மட்டும் வெறும் மண்ணாக நின்றது. ஆனால் கண்ணும் தாடியும் வாயும் உள்ளே எழுதித்தானே ஆக வேண்டும்? தூரிகை பட்டால் மறுபடியும் கூரையில் கொடி முளைக்கும். கழுதை பெருமூச்சு விட்டுத் திரும்பி நின்றது.

"வால்ல ஒரு முடி எடுத்துக்க. ஒண்ணே ஒண்ணுதான், பார்த்துக்க."

அந்த முடியைக் குச்சியில் கட்டித் தியானோ மெல்லக் கோடு இழுத்தாள். சாமி இரண்டு கையாலும் தூணைக் கட்டிக்கொண்டு மூச்சைப் பிடித்தார். வாய்க்கு வந்தபோது அவர் உதடுகளை இறுக்கி, சிரிப்பை அடக்க முடியாமல் நடுங்கினார். அவள் கண்ணால் கண்ட அந்த வாயை அப்படியே எழுதினாள்.

சூளை ஆறித் திறந்ததும் கிராட்டோன்தான் ஜாடியை வெளியே எடுத்தார். கருகருவென்ற பளபளப்புக்கு நடுவே, வெயிலில் நடந்து வந்தவர் போலச் செக்கச் சிவந்து நின்றார் சாமி. ஏதோ சொல்ல வாயெடுத்த கிராட்டோனின் உதடும் தானாகச் சிரிப்பில் கோணியது.

"இது யாருன்னு கேட்கவே வேண்டாம்மா" என்றார்.

இந்தத் தடவையும் தெருவே சிரித்தது. தியானோவும் சேர்ந்து, அழுதுகொண்டே சிரித்தாள். அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

அன்று தொடங்கியதுதான், கிரேக்க ஜாடிகளில் பின்னணி கறுத்து, சாமிகள் மண்ணின் சிவப்பிலேயே நிற்பது. உற்றுப் பார்த்தால் உதட்டோரத்தில் அடக்கிய சிரிப்பும் தெரியும். இன்றைக்கு அந்த ஜாடிகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, "தொடாதீர்கள்" என்று எழுதிப் போட்டிருக்கிறார்களே, அதற்கும் காரணம் இதுதான்.