ஐந்தாம் நம்பரில் கோத்தகிரி

மேட்டுப்பாளையம் பழைய ஸ்கூட்டர் சங்கத் தலைவர் தாண்டவமூர்த்தி, தன் வண்டிக்குப் புதிதாக ஐந்து கியர் பெட்டி மாட்டச் சொன்னார். அஞ்சாம் கியரிலேயே கோத்தகிரி மலை ஏறுவதாக ஊரெல்லாம் பீற்றியும் வைத்திருந்தார்.

“அஞ்சு ஓட்டத்துக்குங்க, ரெண்டுதான் ஏத்தத்துக்கு. அஞ்சு விரலும் ஒண்ணா இருக்குதுங்களா?” என்றாள் மெக்கானிக் ஜெயசீலி.

“எனக்கே பாடமா? அஞ்சுல ஏறலைன்னா சங்கத்து வண்டி ஒண்ணுகூட உன் பட்டறைக்கு வராது. ஏறிட்டா, எந்தக் கியருக்கு எத்தனை பல்லுன்னு இனி நீ சொல்றதுதான். நான் வாயே திறக்கமாட்டேன்!”

“சரிங்க.”

ஞாயிற்றுக்கிழமை சங்கமே பின்தொடர, தலைவர் கியர் நம்பர் போட்ட கைப்பிடியை ஐந்தாம் நம்பருக்குத் திருகினார். கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி ஆட்டுக்குட்டியாகத் துள்ளி ஏறியது.

உச்சியில் மீசையை முறுக்கினார். “பார்த்தீங்களா, அஞ்சாம் கியர்!”

“எனக்குக் குடுத்த வாக்குங்க?”

“குடுத்தது குடுத்ததுதான்!”

ஜெயசீலி மண்ணெண்ணெய்த் துணியால் கைப்பிடியைத் துடைத்தாள். அவள் பெயின்ட்டில் எழுதியிருந்த ஐந்து அழிந்தது. அடியிலிருந்து இரண்டாம் நம்பர் பல்லிளித்தது.

சங்கமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. தலைவர் சீறிக்கொண்டு வாயைத் திறந்தார்.

“வாக்குங்க, தலைவரே!” என்றாள் ஜெயசீலி.

மூடிக்கொண்டார்.