கடைசி வண்டிக்காரர் சேந்தன்

ரொம்ப ரொம்ப காலத்துக்கு முன்னாடி, அரண்மனை அடுப்புலயே உப்பு இல்லாம ராஜா சப்புனு சாப்பிட்டுக்கிட்டிருந்த காலத்துல, கடலோரமா ஒரு ஊரு இருந்துச்சு. கேக்குறீங்களா? கேளுங்க, இது சின்னப் பசங்களுக்கு மட்டும் சொல்ற கதை இல்ல, தாடி நரைச்சவங்களுக்கும்தான்!

அந்த ஊரு ஆளுங்களுக்குத் தொழில் ஒண்ணே ஒண்ணு. உப்பளத்துல உப்பை வாரி, மூட்டை கட்டி, மாட்டு வண்டியில ஏத்தி, கணவாய் வழியா மலை நாட்டுக்குக் கொண்டு போயி விக்கிறது. தனியாப் போனா கள்ளன் அடிப்பான், புலி அடிக்கும், மழை அடிக்கும். அதனால பதிமூணு வண்டியும் ஒண்ணாக் கட்டிப் போகும். அதுக்குச் சாத்துன்னு பேரு.

சாத்துக்கு ஒரு தலைவரு உண்டு. ஆனா வேடிக்கை என்னன்னா, அவரு வண்டி முன்னாடி போகாது. கடைசியாத்தான் போகும்! யாரு வண்டி படுத்தாலும் பின்னாடி தலைவரு வந்துக்கிட்டிருப்பாருல்ல, அதுக்காக. முறிஞ்ச அச்சுக்கு மாத்துறதுக்கு இன்னொரு அச்சை அவரு வண்டிக்கு அடியில கட்டித் தொங்க விட்டிருப்பாங்க. ஒரு ஆளு கனம் இருக்கும் அந்த அச்சு.

பன்னண்டு வருசமாத் தலைவரா இருந்தது சேந்தன். பன்னண்டு வருசமும் பன்னண்டு வண்டிப் புழுதியைத் தின்னவரு. பன்னண்டு வருசத்துல ஒரு வண்டி, ஒரே ஒரு வண்டி, வழியில நின்னுபோனது கிடையாது.

அந்தச் சாத்துல கொற்றின்னு ஒரு பொம்பளை. புருசன் கடலுக்குப் போனவன் திரும்பி வரல. ஒத்தையா நின்னு ஒரு வண்டியை ஓட்டுனா. மாடு ரெண்டும் கிழடு, மெதுவாத்தான் நடக்கும். ஒருதடவை அவ வண்டி அச்சு முறிஞ்சப்ப சேந்தன் மாத்திக் குடுத்தாரு. இன்னொருதடவை அவ மாடு ஆத்துல இறங்க மாட்டேன்னு படுத்துக்கிச்சு. இடுப்பளவு தண்ணியில நின்னு இழுத்துவிட்டாரு. மூணாவது தடவை அவளுக்கே காய்ச்சல். மூட்டை மேல அவளைப் படுக்க வச்சு, அவ வண்டியையும் சேத்து ஓட்டிட்டு வந்தாரு.

மூணு தடவை. அதை மறக்காதீங்க. கொற்றியும் மறக்கல. அதுதான் கொடுமையே!

ஏன்னா கொற்றிக்கு ஒரு குறை இருந்துச்சு. அவ வண்டி எப்பவும் பன்னண்டாவது. சந்தைக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள நல்ல விலை எல்லாம் முன்வண்டிக்காரங்களுக்குப் போயிரும். மலை ஜனங்க இவ உப்பை விரல்ல தொட்டுப் பாத்து, "ஈரமா இருக்கே, ஆத்தா"ன்னு பாதி விலை கேப்பாங்க. ஒருதடவையாவது முன்னாடி போய் நின்னுட்டா ஒரு சோடி இளங்காளை வாங்கிரலாமேன்னு தவிச்சுக்கிட்டே இருந்தா.

அந்த வருசம் பிட்டன் கிளம்புனான். இளவட்டம். வாயைத் தொறந்தா தேன் ஊத்தும். உப்பளத்துல எல்லாரும் கூடியிருந்தப்ப எந்திரிச்சு நின்னான்.

"தலைவருன்னு சொல்றோமே, வழியில அவரு மூஞ்சியை யாராச்சும் பாத்திருக்கீங்களா? மனுசன் புழுதிக்குள்ளேயே குடியிருக்காரு! தலைவன்னா முன்னாடி போகணும்யா. நான் முன்னாடி போறேன். ரெண்டு நாள் முந்திச் சேருவோம். அச்சு எதுக்கு, பொணம் மாதிரி? அதைக் கழட்டிப் போட்டா ரெண்டு மூட்டை கூட ஏத்தலாம்!"

எல்லாரும் சிரிச்சாங்க. சேந்தனும் சிரிச்சாரு. அவருக்குப் பேச வராது.

அந்த ஊரு வழக்கப்படி, தலைவரா நிக்கிறவங்க ஆளுக்கொரு பாயை விரிச்சு உக்காரணும். வண்டிக்காரங்க ஒவ்வொருத்தரா வந்து, பிடிச்சவரு பாயில ஒரு கைப்பிடி உப்பு போடணும். சேந்தன் பாயில அஞ்சு கைப்பிடி. பிட்டன் பாயில அஞ்சு கைப்பிடி. மிச்சம் கொற்றி.

அதுக்கு மொத நாளே பிட்டன் அவகிட்ட வந்து சொல்லியிருந்தான். "அக்கா, நான் தலைவனானா உன் வண்டிதான் ரெண்டாவது வண்டி. எனக்கு அடுத்தாப்புல. சத்தியம்."

கையில உப்போட நின்னா. சேந்தன் முகத்தைப் பாத்தா. அவரு அவளைப் பாக்கல. பாத்தா அவளுக்குச் சங்கடமா இருக்கும்னு கீழ குனிஞ்சுக்கிட்டாரு. அய்யோ, அப்பவும் அந்த மனுசன் அவளுக்காகத்தான் யோசிச்சாரு!

கொற்றி உப்பைப் பிட்டன் பாயில போட்டா.

பிட்டன் அச்சைக் கழட்டிக் கரையிலயே வீசினான். எல்லா வண்டியிலயும் ரெண்டு மூட்டை கூட ஏத்தச் சொன்னான். கொற்றியும் ஏத்துனா. வீசுன அச்சை சேந்தன் தூக்கித் தன் வண்டியில கட்டிக்கிட்டாரு. பழகுன கை சும்மா இருக்குமா? கடைசியிலயே வந்தாரு.

மொத நடை. ரெண்டு நாள் முந்திப் போனாங்க. கிழட்டு மாட்டை அடிச்சு விரட்டிக்கிட்டுக் கொற்றி ரெண்டாவது வண்டி! உப்பு சரசரன்னு வித்துச்சு. இன்னும் ரெண்டு நடை இப்படிப் போனா இளங்காளை வாங்கிரலாம்னு கணக்குப் போட்டா. சேந்தன் மட்டும் வழியில ஒருத்தனுக்குக் கடையாணி மாட்டிக் குடுத்துட்டு, சந்தை கலைஞ்சப்புறம் வந்தாரு. "வாங்க கடைசி வண்டி! சந்தையைக் கூட்டிப் பெருக்க வந்தீங்களா?"ன்னு பிட்டன் கேட்டான். எல்லாரும் சிரிச்சாங்க. கொற்றியும் சிரிச்சா.

ரெண்டாவது நடை. வழியில மூவன்னு ஒருத்தனோட மாடு நொண்டிருச்சு. "நில்லுங்க, நில்லுங்க"ன்னு மூவன் கத்தினது முன்னாடி வரைக்கும் கேட்டுச்சு. யாரும் நிக்கல. சேந்தன்தான் தன் மாட்டுல ஒண்ணை அவிழ்த்து அவனுக்குக் கட்டி விட்டாரு. மூவன் சந்தைக்குப் போய்ச் சேந்தான். சேந்தன் நுகத்தடியோட ஒரு பக்கத்தைத் தன் தோள்ல தூக்கிக்கிட்டு, நாலு நாள் கழிச்சு வந்தாரு.

அதோட அவரு சாத்தை விட்டுப் போயிட்டாரு. தெக்குக்கரைக்காரங்க ஒம்போது வண்டி வச்சிருந்தாங்க. வந்து கூப்பிட்டாங்க, போனாரு. இங்க அதை யாரும் கவனிக்கல. கடைசி வண்டி வரலைன்னு முன்னாடி போறவங்களுக்கு எப்படித் தெரியும்?

மூணாவது நடை. கணவாய் ஏத்தம். மழை மேகம் கறுத்துக்கிட்டு வருது. பிட்டன் "ஓட்டு, ஓட்டு"ன்னு கத்துறான். பாதி ஏத்தத்துல டமார்னு ஒரு சத்தம். கொற்றி வண்டி அச்சு ரெண்டாப் போச்சு.

ரெண்டாவது வண்டி அவளோடது. மொத வண்டிக்குக் கேக்காமலா இருக்கும்? பிட்டன் திரும்பிப் பாத்தான். "பின்னாடி வர்றவங்க பாத்துப்பாங்க, அக்கா!"ன்னு கத்திட்டு மாட்டை அடிச்சான்.

பின்னாடி பத்து வண்டி. பாதை ஒடுக்கம், தாண்டிப் போக வழியில்ல. பத்து பேரும் இறங்கி வந்தாங்க. கொற்றிக்கு உசுரு வந்துச்சு. "தம்பிகளா, நல்லா இருப்பீங்க"ன்னு கும்பிட்டா.

பத்து பேரும் கை வச்சாங்க. "ஏலேலோ"ன்னு தூக்குனாங்க. தூக்கி, வண்டியை ஓரமா வச்சாங்க.

அவங்க வண்டி போறதுக்கு.

அப்புறம் ஒவ்வொண்ணாத் தாண்டிப் போச்சு. ஒருத்தன், "என்கிட்ட அச்சு இல்லக்கா, இருந்தாத் தரமாட்டேனா"ன்னான். இன்னொருத்தன், "மழை வருதுக்கா, என் உப்பு கரைஞ்சிருமே"ன்னான். மூணாவதா வந்தவன் மூவன். அவளைப் பாத்துக்கிட்டே போனான்.

மழை வந்துச்சு. பனையோலைப் பாயைப் போட்டு மூடுனா. பாய் மேல தானே படுத்து மூடுனா. ராத்திரி பூரா பெஞ்சுது. விடிஞ்சப்ப மூட்டை எல்லாம் தொளதொளன்னு கிடந்துச்சு. உப்புத் தண்ணி பாதையில ஓடிச்சு. அதை அவ கிழட்டு மாடு ரெண்டும் நக்கிக்கிட்டு நின்னுச்சு.

மத்தியானம் தெக்குக்கரைச் சாத்து வந்துச்சு. மொத வண்டிக்காரன் பாத்தவுடனே மாட்டை நிறுத்திட்டான். "பயப்படாத ஆத்தா. எங்க தலைவரு கடைசியில வர்றாரு."

கொற்றிக்கு அந்த வார்த்தை நெஞ்சுல குத்துச்சு.

சேந்தன் வந்தாரு. வண்டியைப் பாத்தாரு, மூட்டையைப் பாத்தாரு. அச்சை அவிழ்த்து, ஆளுங்களைக் கூப்பிட்டு, வண்டியைத் தூக்கி மாட்டி, கடையாணியை அடிச்சு இறுக்குனாரு. திட்டியிருந்தாக் கூடத் தேவலைன்னு இருந்துச்சு அவளுக்கு.

"அண்ணே, என்னையும் உங்க சாத்துல சேத்துக்கோங்க. உங்களுக்கும் பின்னாடியே வர்றேன்."

"எனக்குப் பின்னாடி யாரும் வரக் கூடாது, கொற்றி."

"அப்ப நடுவுல வர்றேன்."

"நடுவுல வர்றவங்க, பக்கத்து வண்டி படுத்தா நிக்கணும். நிப்பியா?"

"நிப்பேன், அண்ணே. என் கண்ணு மேல சத்தியமா நிப்பேன்."

சேந்தன் கையில ஒட்டியிருந்த வண்டி மையைப் புல்லுல தேச்சுத் துடைச்சாரு. "போன நடையில மூவன் கத்துனானே. உனக்குக் கேட்டுச்சா?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆனா அந்த ஒத்த மனுசன்கிட்ட அவளுக்குப் பொய் வரல.

"கேட்டுச்சு."

"அச்சு குடுக்கிறது என் பழக்கம், யாருக்கு வேணும்னாலும் குடுப்பேன். ஆனா இடம் என்னோடது இல்ல, தங்கச்சி. இந்த ஒம்போது பேரு என்னை நம்பி முன்னாடி போறாங்க. அவங்க நடுவுல, கூப்பிட்டா நிக்காதவங்களைக் கொண்டு வந்து எப்படி வைப்பேன்?"

அவரு குரல்ல கோவமே இல்ல. கோவம் இருந்தா என்னிக்காவது ஆறும்னு நம்பலாம். அதுவும் இல்ல! அவரு மாட்டைத் தட்டி விட்டாரு, போயிட்டாரு.

அதுக்கப்புறம் நடந்ததைச் சுருக்கமாச் சொல்லிடறேன். பிட்டன் சாத்துல அந்த மழையில அஞ்சு வண்டிதான் மலை ஏறிச்சு. மத்ததெல்லாம் அங்கங்க படுத்துச்சு, நிக்க ஆளில்ல. மலை ஜனங்க, "கூட வந்தவங்களையே விட்டுட்டு வர்றவன், நாளைக்கு வர்றேன்னா வருவானா?"ன்னு கேட்டுட்டு, உப்புக்கு மாத்தாக் குடுக்குற மிளகையும் சந்தனத்தையும் தெக்குக்கரைக்கே எடுத்து வச்சாங்க. அடுத்த வருசம் பிட்டன் பாயை விரிச்சான். ஒரு கல் உப்பு விழல. சேந்தன் சாத்து ஒம்போது பதினெட்டாச்சு, பதினெட்டு முப்பதாச்சு. முப்பத்தொண்ணாவதாக் கொற்றி கடைசி வரைக்கும் சேரல.

ஆனா அன்னிக்கு மத்தியானம் கணவாயில என்ன ஆச்சு? கொற்றி நனைஞ்ச சாக்கை எல்லாம் உதறிச் சுருட்டிப் போட்டா. வண்டியைத் திருப்பி, ஊரைப் பாத்து இறக்கத்துல விட்டா. முன்னாடியும் யாரும் இல்ல, பின்னாடியும் யாரும் இல்ல. கனம் இல்லாத வண்டி. வாழ்நாள்ல மொத தடவையா அவ கிழட்டு மாடு ரெண்டும் துள்ளித் துள்ளி ஓடிச்சு. அவ அழுதுக்கிட்டே கயித்தை இழுத்துப் பிடிச்சா. அதுங்க நிக்கவே இல்ல.

இதுல இருக்குற நீதி இதுதாங்க: கூட வர்றவங்களுக்காக நிக்கிறவனாலதான் எந்த வியாபாரமும் நிலைக்கும், அவனை நம்ம லாபத்துக்காக ஒருதடவை கைவிட்டுட்டா அவன்கிட்ட உதவி திரும்பக் கிடைக்கலாம், ஆனா நம்பிக்கை திரும்பக் கிடைக்காது.