மாலை களைந்த வெள்ளச்சியம்மை

சுனையூர்ச் சுனையப்பர் கோவிலில் சுவாமிக்குப் பூத்தொடுக்க ஆளுக்குப் பஞ்சமில்லை. சூடிய பூ வாடிப்போனால் அள்ளிப்போட மட்டும் ஒருவரே இருந்தார். அவர்தான் வெள்ளச்சியம்மை. விடியும்போதே கருவறையின் பின்சுவருக்கு வெளியே, அபிஷேக நீர் விழும் கோமுகத்தடியில், கூடையோடு வந்து நிற்பார். குருக்கள் நேற்றைய மாலைகளைக் களைந்து கொண்டுவந்து தூர நின்றே எறிவார். பாலும் தயிரும் ஊறிப் புளித்து, எறும்பு மொய்த்து வழவழவென்று கிடக்கும் அவற்றை அம்மை இரு கையாலும் ஏந்திக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். பார்க்கிறவர்களுக்குக் குமட்டும். பிறகு நந்தவனத்து எருக்குழியில் கொண்டுபோய்ச் சேர்ப்பார். அவ்வளவுதான் அவர் செய்த பூசை. கோவிலுக்குள் அவரை விட்டதில்லை. சுவாமியை அவர் கண்ணால் கண்டதுமில்லை.

ஊர் அவருக்கு வைத்த பெயர் நாத்தக்கூடை. அவர் தெருவில் வந்தால் பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, பொத்திய வாயாலேயே வம்புக்கு இழுப்பார்கள்.

"ஏடி, அந்தக் கையாலயா சோறு திங்கிறே?"

"ஆமா தாயி. அப்பன் மேல கெடந்ததைத் தொட்ட கையில்ல?" என்று சிரித்துவிட்டுப் போவார். அவரை அழவைக்க முடியவில்லையே என்று அந்தத் தெருவுக்கு நெடுநாள் வருத்தம்.

அவ்வூருக்கு அரசர்கள் இரண்டு பேர். மேலைக்கோட்டையில் சிங்கநாதர், கீழைக்கோட்டையில் வீரசோமர். ஒருவர் தும்மினால் மற்றவர் இரண்டு முறை தும்முகிற உறவு. ஆனால் குடிக்கிற தண்ணீர் ஒன்று. சுவாமியின் காலடியில் ஊறும் சுனை, கல் தூம்பு வழியாக வெளியே வந்து, கோமுகத்தில் விழுந்து திருக்குளம் சேரும். இரு கோட்டைக்கும் அதுதான் ஊருணி.

சித்திரைத் திருவிழாவில் இருவர் மாலையும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தன. குருக்கள் சாமர்த்தியசாலி, இரண்டையும் குறுக்கு மறுக்காகச் சாத்திவிட்டார். மறுநாள்தான் வினை வந்தது. எந்த மாலையை முதலில் களைவது? முதலில் களையப்பட்டது தாழ்ந்த மாலை என்றாகிவிடுமே! "எங்கள் மாலையை முதலில் தொட்டவன் கை இருக்காது" என்று இரண்டு கோட்டையிலிருந்தும் ஓலை பறந்தது. குருக்கள் தம் கையை ஒருமுறை பார்த்துக்கொண்டார். மாலைகள் அப்படியே கிடந்தன. அவற்றின் மேலேயே புது மாலைகள் ஏறின. மேலையார் ஒரு குடம் பால் ஊற்றினால் கீழையார் இரண்டு குடம் தயிர் ஊற்றினார்கள். தேனும் நெய்யும் தனி.

ஆடி பிறந்தபோது கருவறையில் சுவாமி இல்லை. ஒரு மேடு இருந்தது. மேடு நெளிந்தது. குருக்கள் மேல்துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டு, அர்த்தமண்டபத்திலிருந்தே கற்பூரத்தைக் காட்டிவிட்டு ஓடினார். தூம்பு அடைத்துச் சுனை நின்றது. குளம் பச்சையாகி நுரைத்தது. அதைத்தான் ஊர் குடித்தது, வேறென்ன செய்யும்! குழந்தைகள் துவண்டு விழுந்தன. ராணிகள் தங்கக் கிண்ணத்தில் வாந்தி எடுத்தார்கள். கிண்ணம் தங்கம் என்பதற்காக வாந்தி மணக்கவில்லை. நஞ்சு வைத்தது எதிராளிதான் என்று இரு அரசரும் போர்முரசு அறைந்தார்கள். வீரர்களோ புதர்மறைவை விட்டு எழுந்திருக்கவே முடியாமல் கிடந்ததால் போர் தள்ளிப்போயிற்று.

இதற்கிடையில் ஒரு சங்கதி. எல்லாருக்கும் தெரியும், கேட்டால் மட்டும் தெரியாது என்பார்கள். சிங்கநாதரின் மகன் கண்ணரனும் வீரசோமரின் மகள் அரும்பாவையும் அம்மையின் எருக்குழி ஓரத்தில்தான் சந்தித்துக்கொள்வார்கள். காவலர் எவரும் மூக்கைக் காப்பாற்றிக்கொண்டு அங்கே வரமாட்டார்கள் அல்லவா? இருவரும் மூக்கைப் பிடித்தபடியே காதலித்தார்கள். அம்மை காணாததுபோல் மண்ணைக் கொத்திக்கொண்டிருப்பார்.

"இரண்டு மாலையையும் ஒன்றாக எடுக்கலாமே என்று அப்பாவிடம் சொன்னேன். அவர்கள் முதலில் சம்மதிக்கட்டும் என்கிறார்" என்று அரும்பாவை அழுதாள்.

"எங்க வீட்டிலும் அதே பேச்சுதான்" என்றான் கண்ணரன்.

அம்மை மண்வெட்டியைக் கீழே வைத்தார். நேரே குருக்களிடம் போனார்.

"சாமி, அம்புட்டுப் பாரம் மேல கெடக்கே, அப்பனுக்கு மூச்சு முட்டாதா?"

"அவருக்கு ஏதடி மூச்சு? உனக்குக் கை வேணுமா, வேண்டாமா?"

"கை எதுக்குங்க? அள்ளத்தானே?"

முன்வாசல் அவருக்கு இல்லை. ஆகவே கோமுகத்தின் வழியே, ஆள் தவழும் அகலமே இருந்த தூம்புக்குள் தலையைக் கொடுத்தார். உள்ளே நடந்ததை விரித்துச் சொன்னால் இன்றைக்குச் சோறு இறங்காது. புளித்த நெய் வாய்க்குள் வழிந்தது. புழு காதோரம் ஏறிற்று. "அப்பா, கொஞ்சம் பொறுத்துக்க, கொஞ்சம் பொறுத்துக்க" என்று சொல்லிக்கொண்டே கையால் தோண்டி இழுத்தார். சட்டென்று மேடு முழுவதும் அடியோடு சரிந்து அவரையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு, கன்று ஈன்றதுபோல, கோமுகத்துக்கு வெளியே வந்து விழுந்தது.

காவலர் ஊதிய கொம்பைக் கேட்டு இரு அரசரும் பல்லக்கில் வந்து இறங்கினார்கள். நடக்கத் தெம்பில்லை, வாளைத் தூக்க மட்டும் தெம்பிருந்தது.

"யார் மாலையை முதலில் தொட்டாய்?" என்றார் சிங்கநாதர்.

"எங்களுடையதைத்தான் தொட்டிருப்பாள், திமிர்!" என்றார் வீரசோமர்.

அம்மை அந்தக் கரிய கூழைக் கூடையில் அள்ளி இருவர் முன்னும் வைத்தார். பூவும் நாரும் புழுவும் ஒன்றாய்க் குழைந்திருந்தன.

"இதுல உங்க மாலை எது, அவுக மாலை எதுன்னு காட்டுங்க ராசா. கையை நானே நீட்டுறேன்."

அரசர்கள் குனிந்தார்கள். குனிந்த வேகத்தில் இருவரும் வாந்தி எடுத்தார்கள், அதுவும் ஒரே நேரத்தில். அதில் யார் முதல் என்று நல்லவேளை எவரும் கேட்கவில்லை. ஆனாலும் வீறாப்பு போகுமா? வாயைத் துடைத்துக்கொண்டு, "இரண்டு கையையும் வெட்டு" என்றார்கள். அந்த ஒன்றில் மட்டும் இருவரும் ஒத்துப்போனார்கள்.

அப்போது அரும்பாவை வளையல் குலுங்க வந்து, முழங்கை வரை கையைக் கூடைக்குள் விட்டாள். கண்ணரனும் விட்டான். அன்றைக்கு இருவரும் மூக்கைப் பிடிக்கவில்லை.

"எங்களோடதையும் சேர்த்து வெட்டச் சொல்லுங்கப்பா" என்றாள்.

ஓங்கிய வாள்கள் தாமாகத் தாழ்ந்தன. தூம்புக்குள் ஏதோ முனகிற்று. பிறகு தண்ணீர் வந்தது, கண்ணாடிபோல, கோமுகம் கொள்ளாமல். கூடை நனைந்தது. கரிய கூழ் இருந்த இடத்தில் பனி உலராத ஒரே ஒரு நெடுமாலை. அதன் ஒரு நுனி இளவரசன் கையில், மறுநுனி இளவரசி கையில். கருவறையிலிருந்து ஒரு குரல் எழுந்தது.

"வெள்ளச்சி, இப்பத்தான்டி எனக்கு மூச்சு வந்துச்சு. முன்வாசல் வழியா உள்ள வா."

சுவாமி இலக்கணச் சுத்தமாகப் பேசவில்லையே என்று குருக்களுக்குக் கடைசிவரை மனக்குறை. அம்மையோ சேறு சொட்டச் சொட்ட, இரு அரசரும் வழிவிட, முன்வாசல் வழியே போனார். உள்ளே என்ன கண்டார் என்று தெரு முழுக்கத் துருவித் துருவிக் கேட்டது. "நல்லா மூச்சு விடுறாரு" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பெயரவில்லை.

அந்த ஒரே நெடுமாலையை இருவர் கழுத்திலும் சேர்த்துப் போட்டே கண்ணரனுக்கும் அரும்பாவைக்கும் திருமணம் நடந்தது. முதல் மரியாதைப் பரிவட்டத்தை இரு அரசரும் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து அம்மையின் தலையில் கட்டினார்கள். மறுநாள் விடியும்போது அவர் வழக்கம்போல் கோமுகத்தடியில் கூடையோடு நின்றார். இம்முறை குருக்கள் மாலையை எறியவில்லை, கையில் கொடுத்தார்.

நறுமலரை ஏந்த நாமெல்லாம் முண்டியடிக்கிறோம். அழுகியதை ஏந்தி ஆண்டவனுக்கு மூச்சுக் கொடுத்த வெள்ளச்சியம்மையின் திருவடிகளை, அவரைக் கண்டு மூக்கைப் பொத்திய அந்தக் கையை எடுத்துவிட்டு, ஒருமுறை கும்பிடுவோம்.