சீனிக்கட்டியும் ஒரு சிட்டிகைச் சாம்பலும்

கோவில்பட்டிப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் எஸ்தர் செல்வராணி என்றொரு அறிவியல் ஆசிரியை இருந்தார். அவருக்கு வயது முப்பத்திரண்டு. அவரிடம் ஆசிரியப் பயிற்சிக்கு வந்து சேர்ந்த அய்யலுசாமிக்கோ நாற்பத்து மூன்று.

அய்யலுசாமி பத்தொன்பது வருஷம் தீப்பெட்டி ஆபீசில் தீக்குச்சி மருந்து கலக்கியவர். ஆபீசை இழுத்து மூடிய பிறகு பி.எட். படிக்கப் போனார். எட்டாம் வகுப்பு அவருக்கு வைத்த பெயர் ‘டிரெய்னிங் தாத்தா’.

ஒரு நாள் காலை கரும்பலகை முன்னால் நின்றவருக்குப் பத்து நிமிஷம் வாயே திறக்கவில்லை. மறுநாள் அவர் பாடம் நடத்துவதைப் பார்த்து மதிப்பெண் போட கல்லூரியிலிருந்து வருகிறார்கள். மதியம் பாடக்குறிப்பு நோட்டை எஸ்தரின் மேசையில் வைத்தார்.

“நாளைக்கு நான் வரல மேடம்.”

“காய்ச்சலா சார்?”

“இல்ல. நான் எரிஞ்சு முடிஞ்ச ஆளு. என்னை வச்சு இந்தப் பிள்ளைகளுக்கு என்ன ஆகப் போவுது?”

எஸ்தர் எழுந்தார். அவரை வகுப்புக்கு அழைத்துப் போனார். பிள்ளைகளைத் தள்ளி உட்கார வைத்தார். மேசையில் எவர்சில்வர் தட்டு, தீப்பெட்டி, பக்கத்தில் ஒரு வாளி மணல். இடுக்கியில் ஒரு சீனிக்கட்டியைப் பிடித்து நீட்டினார்.

“இதைப் பத்த வைங்க சார்.”

அய்யலுசாமியின் முகம் கொஞ்சம் தெளிந்தது. வேறு எது கைவராவிட்டாலும் நெருப்பு அவருக்குக் கைவரும். குச்சியைக் கிழித்தார். சீனி பழுப்பேறியது, உருகியது, தட்டில் சொட்டியது. பற்றவில்லை. இரண்டாவது குச்சி. மூன்றாவது. ஐந்தாவது குச்சி விரலைச் சுட்டது.

“சார், தீப்பெட்டி நம்ம ஊருதானா?” பின்வரிசையிலிருந்து முத்துச்செல்வி கேட்டாள்.

வகுப்பு சிரித்து அடங்க நேரமாயிற்று. அய்யலுசாமி இடுக்கியைக் கீழே வைத்தார்.

“பாத்தீங்கள்ல மேடம்.”

எஸ்தர் பின்வரிசையைப் பார்த்தார். “முத்துச்செல்வி, சத்துணவுக் கூடத்துல அடுப்புச் சாம்பல் இருக்கும். ஒரு கை அள்ளிட்டு வா.”

“பாத்திரம் தேய்க்கவா டீச்சர்?”

“உன் வாயைத் தேய்க்க. ஓடு.”

சாம்பல் வந்தது. எஸ்தர் இன்னொரு கட்டியை எடுத்து, ஒரு மூலையில் மட்டும் சாம்பலை அழுத்தித் தேய்த்தார். அய்யலுசாமி ஆறாவது குச்சியை அரை மனசோடு கிழித்து அந்த மூலையில் காட்டினார்.

மூலை சீறியது. நீலமாய் ஒரு சுடர் எழுந்தது. குச்சியை எடுத்த பிறகும் நின்று எரிந்தது.

முத்துச்செல்வி உட்கார மறந்து நின்றாள்.

“சாம்பல் எரியாதுல்ல சார். பெறகு எப்படிச் சீனி பத்துச்சு?”

சுடர் அணைந்ததும் அய்யலுசாமி தட்டைக் குச்சியால் கிளறினார். கருகிய சீனிக்குள் சாம்பல் சாம்பலாகவே கிடந்தது. குச்சி நுனியால் அதைத் தனியே ஒதுக்கினார். பிறகு எஸ்தரிடம் தணிந்த குரலில் கேட்டார்.

“ஏற்கெனவே எரிஞ்சு முடிஞ்சதாச்சே மேடம். அதுக்கு இதுல என்ன வேலை?”

எஸ்தர் சாம்பல் படிந்த விரல்களால் பாடக்குறிப்பு நோட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

“பிள்ளை உங்களைத்தான் கேட்டா சார். நாளைக்கு முதல் பீரியடுல சொல்லுங்க. நானும் கடைசி பெஞ்சுல உக்காந்து கேட்டுக்கிறேன்.”