செல்லாக் காசுக்குள் குடிபோன நண்டு

அந்தக் காலத்தில், நண்டும் ஆமையும் பறவையும் ஒரே பேச்சில் பேசிக்கொண்டிருந்தபோது, ஆறு கடலில் கலக்கும் இடத்து மணல்திட்டில் நண்டுகளுக்கென்று ஒரு நாடு இருந்தது. அதிக நாள் இருக்கவில்லை. இருந்தவரை அதற்கென்று ஒரு காசும் இருந்தது.

அதற்கு முன்பு அந்தத் திட்டைச் செம்பருந்து ஆண்டது. அதன் உதிர்ந்த இறகுதான் அங்கே பணம். மீன் கொண்டுபோய்க் கொட்டினால் பருந்து ஓர் இறகு தரும். அதை வளை வாசலில் நட்டுவைத்தவரைப் பருந்து தூக்காது, மற்றவரைத் தூக்கும். அதனால் தின்ன ஒன்றுமில்லாத வளையில்கூட ஓர் இறகு இருக்கும்.

ஒரு மழைக்காலத்தில் புயல் வந்து பருந்தின் மரத்தைச் சாய்த்தது. பருந்து வடக்கே போய்விட்டது. மறுநாள் காலையில் நண்டுகள் எல்லாம் வெளியே வந்து வானத்தைப் பார்த்துக் கொடுக்கை உயர்த்தின. விரட்டியது புயலா கொடுக்கா என்று யாராவது கேட்டால் அவர்களுக்குக் கோபம் வந்துவிடும்.

கடலாமையைத் தலைவராக்கினார்கள். அவர் சொன்னார்: "பருந்தோட இறகை வாசல்ல நட்டுக்கிட்டு இது எங்க நாடுன்னு சொன்னா எவன் நம்புவான்? நமக்குன்னு ஒரு காசு வேணும்."

செத்த நத்தையின் வெற்றுக் கூட்டில் கொடுக்கால் ஒரு கீறல் போட்டால் அது காசு. அதற்குச் சுழி என்று பெயர். இறகுகளையெல்லாம் கடலில் விடச் சொன்னார் ஆமை. விட்டார்கள். ஆனால் பலபேர் ஒன்றை மட்டும் மணலுக்கடியில் புதைத்துக்கொண்டார்கள். விடுதலை வந்ததே தவிர பயம் போகவில்லை.

காசுக்குப் பொறுப்பாளி செங்காலி என்ற நண்டு. தலை முதல் வால்வரை அவளுக்கு இருந்த தடித்த ஓடு திட்டில் வேறு யாருக்கும் இல்லை.

"வெறுங்கூட்டை வாங்கிட்டு இறாலைக் கொடுக்கச் சொல்றியே, நாளைக்கு இது செல்லாமப் போச்சுன்னா?" என்று கேட்டார்கள்.

செங்காலி தன் முதுகைத் தட்டிக் காட்டினாள். "செல்லலைன்னா காசைக் கொண்டாங்க. என் ஓட்டைக் கழட்டித் தரேன்."

நண்டு தன் ஓட்டின்மேல் வாக்குக் கொடுப்பது சாதாரணமில்லை. அதை நம்பிச் சுழியை வாங்கிக்கொண்டார்கள். ஒரு சுழிக்கு ஓர் இறால் என்று வியாபாரம் நடந்தது. குஞ்சுகள் பட்டப்பகலில் வெட்டவெளியில் விளையாடின. பெற்றவர்கள் அண்ணாந்து பார்ப்பதையே மறந்துபோனார்கள்.

அப்போதுதான் உள்ளான் பறந்து வந்தது. அது கரையோரமே சுற்றுகிற சிறு பறவை.

"வடக்கே ஒரு நிழல் பாத்தேன்," என்றது.

"பருந்தா?"

"நிழலைத்தான் பாத்தேன்."

அவ்வளவுதான். உச்சிப்பொழுதுக்குள் புதைத்த இறகெல்லாம் வெளியே வந்தது. இறகு வைத்திருந்தவர்கள் சுழியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒரு குவியல் சுழி கொடுத்தாலும் ஓர் இறால் கிடைக்கவில்லை. எல்லாரும் வானத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார்கள், அதுவும் வாய்க்குள்ளேயே. ஒரு கடற்காகம் பறந்தால்கூடத் திட்டு முழுவதும் மணலோடு மணலாய்ப் படுத்தது.

செங்காலி ஆமையிடம் ஓடினாள். "ஐயா, நீங்க வந்து நின்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். பயம் தெளிஞ்சிடும்."

ஆமை அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் வயிற்றுக்கடியில் ஓர் இறகின் நுனி தெரிந்தது. "தண்ணி நல்லா இருக்கு, ஒரு முழுக்குப் போட்டுட்டு வரேன்," என்று கடலுக்குள் போனார். போனவர் வரவேயில்லை.

செங்காலி திரும்பி வந்தபோது அவள் வாசலில் வெள்ளச்சி காத்திருந்தாள். இருவரும் ஒரே பள்ளத்தில் பொரிந்து வளர்ந்தவர்கள். வெள்ளச்சி அப்போதுதான் பழைய ஓட்டை உரித்திருந்தாள். நண்டு ஓடு உரித்தால் புது ஓடு இறுகும்வரை உடம்பு களிமண்ணாய்க் குழையும், வளை தோண்டக்கூட முடியாது. அவள் ஒரு சுழியை இழுத்துக்கொண்டு வந்திருந்தாள்.

"இறகு வாங்கப் போனேன். இது செல்லாதுன்னுட்டாங்க."

"நீ ஒண்ணுகூட எடுத்து வைக்கலையா?"

"எல்லாத்தையும் கடல்ல விடச் சொன்னீங்க. விட்டுட்டேன்." வெள்ளச்சி தலையைக் குனிந்துகொண்டாள். "கேக்க வாய் வரல, செங்காலி. ஆனா நீ வாக்குக் கொடுத்தே."

செங்காலிக்கு உயிர் போகிற மாதிரி பயமாக இருந்தது. ஓடிவிடு என்று கால்கள் துடித்தன. ஓடியிருக்கலாம், தலைவரே ஓடிவிட்டார். ஆனால் சொன்னதை நம்பி ஓர் இறகுகூட மிச்சம் வைக்காமல் விட்டவள் இவள். இவளையும் ஏமாற்றிவிட்டு எந்த நாட்டில் போய் இருப்பது?

ஓட்டைக் கழற்றினாள். நெஞ்சுப் பக்கத்து ஓடு அசையவில்லை. இடுப்புக்குக் கீழே இருந்தது மட்டும் வந்தது. வெள்ளச்சி சுழியைக் கீழே வைத்துவிட்டு, அந்த ஓட்டை மேலே கவிழ்த்துக்கொண்டு, அழுதபடியே ஒரு பாறையிடுக்கில் போய் ஒட்டிக்கொண்டாள்.

அப்போது வெயில் மறைந்தது.

பருந்து முதலில் இறகு நட்ட வளைகளில்தான் இறங்கியது. எங்கே இறகு நின்றதோ அங்கே ஓர் ஆள் இருப்பது மேலிருந்தே தெரிந்தது.

"என்கிட்ட இறகு இருக்கு," என்று ஒரு நண்டு கதறியது.

"தெரியுது. அதான் வந்தேன்," என்றது பருந்து.

செங்காலியின் பின்னுடம்பு மணல் பட்டாலே எரிந்தது. வளை தோண்ட நேரமில்லை. கண்ணெதிரே வெள்ளச்சி விட்டுப்போன சுழி கிடந்தது. பின்பக்கமாக நகர்ந்து அதற்குள் புகுந்து, ஒரு கொடுக்கால் வாயை அடைத்துக்கொண்டாள்.

நகம் வந்து சுழியைப் பற்றியது. தரை கீழே போயிற்று. இடுக்கு வழியே ஒரு மஞ்சள் கண் உள்ளே பார்த்தது.

பருந்து சுழியைத் திருப்பிக் கீறலைப் பார்த்தது. "இவனுங்க காசு போலிருக்கு," என்றது. "செல்லாக் காசு. இதை வச்சுக்கிட்டு என்ன பண்றது?" என்று வீசி எறிந்தது.

பருந்து மறுபடி அங்கே ஆண்டது. பிறகு ஒரு வெள்ளத்தில் அந்தத் திட்டே கரைந்துபோயிற்று. செங்காலி மட்டும் சுழியை விட்டு வெளியே வரவில்லை. அவளுடைய குஞ்சுகளும் பின்னால் ஓடில்லாமல் பிறந்து, ஆளுக்கொரு சுழியைத் தேடிக்கொண்டன. உடம்பு வளர்ந்து சுழி இறுக்கினால் பெரியதாக ஒன்று கரை ஒதுங்கக் காத்திருப்பார்கள். ஒதுங்கியதும் வரிசையாக வந்து நிற்பார்கள். ஒருவர் விட்டதை அடுத்தவர் வாங்கிக்கொள்வார். செல்லாது என்று அவர்களில் யாரும் சொல்வதில்லை.

அன்று முதல்தான் நத்தைக் கூட்டில் குடியிருக்கும் அந்த நண்டினம் இல்லாமல்போன தன் நாட்டின் காசை முதுகில் சுமந்து திரிகிறது. மேலே ஒரு நிழல் பட்டாலும் அதற்குள்ளேயே ஒடுங்கிக்கொள்கிறது.